கத்திக் கத்தி வாசிக்க வைக்கேலாது

முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கிரெசிடா கவெல் எழுதிய 'ஹவ் டு ட்ரெயின் யுவர் ட்ராகன்' தொடரின் பன்னிரண்டு புத்தகங்களையும் நாங்கள் வாசித்து முடித்துவிட்டோம். ஒரு பக்கத்தையும் புரட்டவில்லை. டேவிட் டெனன்ட் என்ற நடிகர் வாசிக்க வாசிக்க, பஸ்ஸில் நின்றபடி, உடுப்புத் தோய்த்தபடி, கரண்ட் போன இரவுகளில் பாயில் படுத்தபடி, எல்லாவற்றையும் காதால் கேட்டு முடித்தோம். இதை 'வாசித்தோம்' எண்டு சொன்னதுதான் எங்கட குற்றம்.

குற்றச்சாட்டு மூன்று. ஒன்று: கேட்கிறது வாசிப்பில்லை, அது பஞ்சிப்படுகிற ஆக்களின்ர குறுக்குவழி. இரண்டு: இருபது வயது தாண்டினதுகள் சின்னப்பிள்ளையளின்ர ட்ராகன் கதை கேட்டுக்கொண்டு திரியிறது வெட்கம். மூன்று: வெள்ளைக்காரரின்ர கதையைத் தூக்கிப் பிடிக்கிறியள், எங்கட கதையள் கேட்பாரில்லாமல் கிடக்குது. மூன்றுக்கும் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறோம். மூன்றாவதில் நியாயம் இருக்கு. ஆனால் அந்தக் கேள்வி கேட்டவையிட்டயே திரும்பிப் போகவேண்டிய கேள்வி.

படத்தை மட்டும் பார்த்தவர்களுக்காகக் கொஞ்சம் கதை சொல்லவேண்டும். 2010 இல் ட்ரீம்வேர்க்ஸ் எடுத்த படத்தில் வருகிற டூத்லெஸ் கறுப்பு நிறத்தில், பெரிய உருவத்தில், மின்னலாகப் பறக்கிற அபூர்வமான ட்ராகன். புத்தகத்து டூத்லெஸ் அப்படி இல்லை. கையடக்கமான, பல்லில்லாத, சொல்வழி கேளாத, ஊரே பார்த்துச் சிரிக்கிற சாதாரண ட்ராகன். அதன் சொந்தக்காரன் ஹிக்கப். பெயரின் பொருளே விக்கல். பெர்க் தீவில் ஒரு வைக்கிங் கூட்டத்தின் தலைவர் ஸ்டோயிக், அவருடைய மகன். மெலிந்த பெடியன். உரத்துக் கத்தத் தெரியாதவன். அந்தக் கூட்டத்தில் பெடியன்கள் குளிர்காலத்தில் மலையேறி, குகைக்குள் நித்திரை கொள்கிற ட்ராகன் ஒன்றைக் களவெடுத்து வந்து பழக்கவேண்டும். பழக்கத் தவறினால் கூட்டத்தை விட்டே துரத்திவிடுவார்கள்.

பழக்குவது எப்படி? அதற்கு ஒரு புத்தகம் இருக்கு. எங்கேயோ ஒரு நூலகத்தில் இருந்து களவெடுத்தது. பேராசிரியர் யொபிஷ் என்பவர் எழுதினாராம். அந்தப் புத்தகம் முழுவதிலும் இருக்கிற அறிவுரை ஒன்றே ஒன்றுதான்: ட்ராகனைப் பார்த்துக் கத்து. எவ்வளவு உரத்துக் கத்துகிறாயோ அவ்வளவுக்கு நல்லது.

ஹிக்கப்புக்குக் கத்த வராது. ஆனால் வேறு யாருக்கும் தெரியாத ஒன்று அவனுக்குத் தெரியும். ட்ராகன்களின் மொழி. வைக்கிங்குகள் அந்த மொழியைப் பேசக்கூடாது என்று தடை. அவன் ஒளித்து ஒளித்துப் பேசுகிறான். கெஞ்சுகிறான், பகிடி சொல்கிறான், பேரம் பேசுகிறான். கடைசியில் மலை அளவு பெரிய கடல் ட்ராகன் கரைக்கு வரும்போது பெரியவர்களின் கத்தல் ஒன்றும் எடுபடவில்லை. கதைக்கத் தெரிந்த பெடியனிடம்தான் எல்லாரும் வந்து நிற்கவேண்டியிருக்கு.

இந்தக் கதையைக் காதால் கேட்கக்கூடாது என்று சொல்கிறவர்களிடம் எங்கட கேள்வி இதுதான்: குரலைப் பற்றிய கதையைக் குரலில் கேட்காமல் வேறு எதில் கேட்கிறது?

அச்சில் கத்தல் என்றால் பெரிய எழுத்து. டெனன்டின் தொண்டையில் அது உண்மையான கத்தல். காதில் கொழுவியிருக்கிற வயரைப் பிடுங்கி எறியவேணும் போல இருக்கும். அதற்குப் பின்னால் ஹிக்கப்பின் சின்னக் குரல் வரும். அந்த இரண்டுக்கும் இடையில் இருக்கிற தூரம்தான் இந்தத் தொடரின் சாரம். டூத்லெஸ் கொன்னிக் கொன்னிப் பேசும். அச்சில் அது எழுத்துகளுக்கு நடுவில் போட்ட சின்னக் கோடு. காதில் அது அடம்பிடிக்கிற, மீன் கேட்டு அழுகிற, எங்கட வீட்டிலேயே ஒன்று இருக்கிற மாதிரியான குழந்தை. பயிற்சி கொடுக்கிற கொபர் வாயைத் திறந்தால் அறை அதிரும். ஒரே ஒரு மனிசன் இவ்வளவு பேராக மாறுவதைக் கேட்பது ஒரு கூத்துப் பார்க்கிறதுக்குச் சமம்.

இழப்பு இல்லையா? இருக்கு. கவெல் தானே படமும் வரைகிறவர். மை சிந்தின பக்கங்கள், கோணல்மாணலான தீவுப் படங்கள், ஒவ்வொரு ட்ராகனுக்கும் புள்ளி போட்ட விபரங்கள், ட்ராகன் மொழி அகராதி, இவையெல்லாம் புத்தகத்தின் பாதி. ஒலிப்புத்தகம் அதைத் தராது. புத்தகம் வாங்க வசதி உள்ளவர்கள் கட்டாயம் வாங்கிப் பாருங்கோ. ஆனால் ஒன்றில் இருப்பது மற்றதில் இல்லை என்பதால் ஒன்று உயர்வு, மற்றது களவு என்றாகிவிடாது.

இந்தக் கதை பிறந்ததும் காதில்தான். கவெல் சிறுமியாக இருந்தபோது ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரையில், ஆளில்லாத ஒரு சின்னத் தீவில் குடும்பத்தோடு கோடை விடுமுறைகளைக் கழித்தவர். கரண்ட் இல்லை, தொலைபேசி இல்லை. இரவில் தகப்பன் வைக்கிங்குகளின் கதை சொல்லுவாராம். அங்கே கேட்டதுதான் பிறகு 2003 இல் முதல் புத்தகமாக வந்தது. 2015 இல் பன்னிரண்டாவதோடு தொடர் முடிந்தது. தகப்பன் சொல்லக் கேட்டவர் எழுதினார், எழுதினதை இன்னொருவர் திரும்பவும் குரலாக்கினார். இதில் எந்த இடத்தில் ஏமாற்று நடந்தது என்று எங்களுக்கு விளங்கவில்லை.

'பஞ்சி பிடிச்ச ஆக்களின்ர குறுக்குவழி' என்று சொல்கிறவர்கள் ஒலிப்புத்தகம் ஏன் வந்தது என்பதையும் அறியவேண்டும். பிரித்தானியாவில் 1935 இல் பேசும் புத்தகங்கள் தொடங்கியது முதலாம் உலகப்போரில் கண்ணை இழந்த படையினரை நினைத்து. முதலில் இசைத்தட்டில் ஏறினவற்றில் அகதா கிறிஸ்டியின் ஒரு துப்பறியும் நாவலும், ஜோசப் கொன்ராடின் 'டைஃபூன்' கதையும் இருந்தன. பஞ்சி பிடித்தவர்களுக்காக அல்ல, போர் கண்ணைப் பிடுங்கினவர்களுக்காக. போரில் கண்ணை இழந்தவர்கள் எங்கட ஊர்களிலும் இண்டைக்கும் இருக்கினம். எழுத்துகள் கண்முன்னே குழம்பித் தெரிகிற பிள்ளைகள் எல்லாப் பள்ளிக்கூடங்களிலும் இருக்கினம். நாள் முழுக்கக் கை ஓயாமல் தைக்கிற, கொழுந்து பறிக்கிற அக்காமாருக்குக் காது மட்டும்தான் ஓய்வாக இருக்கு. இவர்களைப் பார்த்து 'நீங்கள் வாசகர் இல்லை' என்று சொல்லுங்கோ பார்ப்பம்.

தமிழர்களாகிய நாங்கள் இதைச் சொல்வதுதான் இன்னும் பகிடி. திருக்குறளில் கல்வி 40 ஆம் அதிகாரம். கல்லாமை 41. அதற்கு அடுத்ததாக வள்ளுவர் வைத்தது 'கேள்வி'. படிக்காதவன் கேட்டாவது அறிந்துகொள்ளட்டும் என்று அந்த அதிகாரத்திலேயே சொல்லியிருக்கு. இதை மேடையில் முழங்குகிற அதே ஆக்கள்தான் காதில் வயர் கொழுவின பிள்ளையைக் கண்டால் முகத்தைச் சுளிக்கிறது.

யாழ்ப்பாணத்துக் கோயில்களில் கந்தபுராணப் படிப்பு எப்படி நடக்கும்? ஒருவர் பாட்டை இழுத்து வாசிப்பார். இன்னொருவர் பயன் சொல்லுவார். சுற்றி இருப்பவர்கள் கேட்பார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்ட நூல் அது. தலைமுறை தலைமுறையாக எழுத்தறியாத கிழவிகளுக்கும் அந்தக் கதை முழுக்கத் தெரிந்திருந்தது. சூரன் மாமரமாக நிற்பதும், வேல் பிளக்க மயிலும் சேவலுமாக மாறுவதும் மாயாஜால சாகசக் கதை இல்லாமல் வேறென்ன? மட்டக்களப்பு அம்மன் கோயில்களில் கண்ணகி வழக்குரை படிக்கும்போதும் இதுதான் நடக்குது. அதெல்லாம் பண்பாடு. நாங்கள் ட்ராகன் கதை கேட்டால் மட்டும் பஞ்சி.

இரண்டாவது குற்றச்சாட்டுக்கு வருவோம். சின்னப்பிள்ளையளின்ர கதை. (இனிமேல் கதையின் பின்பகுதி வருகிறது. கேட்காதவர்கள் இந்தப் பந்தியையும் அடுத்ததையும் தாண்டிப் போங்கோ.) முதல் மூன்று நான்கு புத்தகங்கள் பெரும்பாலும் சிரிப்புத்தான். பிறகு கதை மெல்ல இருளுது. இந்த வைக்கிங்குகள் ட்ராகன்களை அடிமையாக வைத்திருப்பவர்கள். மனிதர்களையும் அடிமையாக்கி நெற்றியோரத்தில் அடிமைக் குறி குத்துகிற ஆக்களும் அந்த உலகத்தில் இருக்கினம். தலைவரின் மகனான ஹிக்கப்புக்கே அந்தக் குறி விழுந்துவிடுகிறது. தலைக்கவசத்துக்குக் கீழே ஒளித்துக்கொண்டு திரிகிறான். ஒன்பதாவது புத்தகத்தில் எல்லார் முன்னாலும் அது வெளிப்படுகிறது. நேற்று வரை வீரன் என்று கொண்டாடின சனம் இண்டைக்குத் துரத்துகிறது. இன்னொரு பக்கம், அவனே விடுவித்த ஃபியூரியஸ் என்ற பெரிய ட்ராகன் மனிதர்களுக்கு எதிராகக் கிளர்ச்சி தொடங்குகிறது. அந்தக் கிளர்ச்சியின் நியாயமும் ஹிக்கப்புக்கு விளங்குகிறது. அதனால் சாகப்போகிற தன் சனத்தின் பயமும் விளங்குகிறது. இரண்டு பக்கத்தின் மொழியும் தெரிந்தவனுக்கு இரண்டு பக்கத்திலும் இடமில்லை.

இந்த நாட்டில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு இதைக் கேட்டு நித்திரை வரவில்லை. கடைசிப் புத்தகங்களில், ஹிக்கப்பின் பக்கம் நிற்கிறவர்கள் அந்த அடிமைக் குறியைத் தாங்களாகவே விரும்பிக் குத்திக்கொள்கிறார்கள். வெட்கமாக இருந்த குறி அடையாளமாக மாறுகிறது. இதைப் பிள்ளைகளின் கதை என்று ஒதுக்குகிறவர்களிடம் நாங்கள் சொல்வது: ஓம், பிள்ளைகளின் கதைதான். இவ்வளவையும் பிள்ளைகளிடம் நம்பிக் கொடுக்கிற எழுத்து அது. எங்கட சிறுவர் கதைகளில் பாதி இன்னும் 'ஆகவே பிள்ளைகளே' என்றுதான் முடியுது.

இனி மூன்றாவது. எங்கட கதையள் எங்கே?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் 'எங்கட' என்று எந்தத் தமிழைச் சொல்கிறார்கள்? ஒலிப்புத்தகம் இந்தக் கேள்வியில் இருந்து யாரையும் தப்ப விடாது. அச்சில் எல்லாரும் ஒரே தமிழில் ஒளித்துக்கொள்ளலாம். வாயைத் திறந்து வாசிக்கத் தொடங்கினால் யாருடைய வாய் என்பது உடனே தெரிந்துவிடும்.

டெனன்ட் ஸ்கொட்லாந்துக்காரர். தொலைக்காட்சியில் 'டொக்டர் ஹூ'வாக வந்து உலகப் புகழ் பெற்றபோது தன் ஸ்கொட்லாந்துப் பேச்சை மறைத்து, தென் இங்கிலாந்து மாதிரிப் பேசித்தான் நடித்தார். இந்தப் புத்தகங்களில் ஸ்கொட்லாந்துக் குரல்கள் தாராளமாக வருகின்றன. கேட்கும்போது அந்த மனிசன் வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு. படத்திலோ பெரியவர்களான ஸ்டோயிக்கும் கொபரும் ஸ்கொட்லாந்துப் பேச்சு, இளம் ஆக்கள் வட அமெரிக்கப் பேச்சு. ஊர்ப்பேச்சு கிழவர்களுக்கும் சிரிப்புக்கும், நாயகனின் பேச்சு சந்தைக்கு. இது எங்களுக்கு நல்லாப் பழக்கமான ஏற்பாடு.

இலங்கை வானொலிக் காலத்தை எடுங்கோ. 'கோமாளிகளின் கும்மாளம்' தொடரில் மரிக்கார், அப்புக்குட்டி, உபாலி, ஐயர் என்று ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பேச்சு. முஸ்லிம் பேச்சு, யாழ்ப்பாணப் பேச்சு, சிங்களவர் பேசுகிற தமிழ், எல்லாம் ஒரே நாடகத்தில். நாடே காது கொடுத்துக் கேட்டது. பிறகு 1976 இல் அது 'கோமாளிகள்' என்று படமாகவும் வந்தது. அதாவது எங்கட பேச்சு ஒலியாக வந்தால் சனம் கேட்கும் என்பதற்குச் சாட்சி இருக்கு. ஆனால் பெயரைக் கவனியுங்கோ: கோமாளிகள். சிரிக்க வைக்க எங்கட பேச்சு. சாகசம் செய்ய, ட்ராகனோடு கதைக்க, அழ, காதலிக்க, சாக என்றால் உடனே தூய தமிழ். இல்லாவிட்டால் சென்னைத் தமிழ்.

இதன் விலையைப் பிள்ளைகள் கொடுக்கினம். தமிழில் குரல் மாற்றின கார்ட்டூன் பார்த்து வளர்கிற பிள்ளை வீட்டில் சென்னைப் பேச்சுப் பேசுது. பள்ளிக்கூடத்தில் பாடப்புத்தகத் தமிழ். அம்மம்மா பேசுகிற பேச்சு மட்டும் எந்தத் திரையிலும் எந்த ஒலியிலும் நாயகனின் வாயில் இல்லை. மட்டக்களப்பின் 'மறுகா'வும் 'மனே'யும், மலையகத்து லயத்துப் பேச்சும், முஸ்லிம் ஊர்களின் 'வாப்பா'வும் 'உம்மா'வும் ஒரு சாகசக் கதையில் வீரமாகக் கேட்டதாக எந்தப் பிள்ளைக்கு ஞாபகம் இருக்கு? பிள்ளைக்கு விளங்குவது ஒன்றுதான்: எங்கட வாய் பெரிய கதைகளுக்கு உதவாது. ஹிக்கப்பின் தலைக்கவசம் மாதிரி அதை மூடிக்கொள்ளப் பழகுது.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கோ. பசியில் சிணுங்குகிற டூத்லெஸ்ஸுக்கு எங்கட மேடைத் தமிழைக் கொடுங்கோ: "எனக்குப் பசியாக உள்ளது, மீன் தருவாயாக." ட்ராகன் செத்துப்போகும். இப்ப இப்படிக் கொடுங்கோ: "ப-ப-பசிக்குது! மீன் தாவன்!" உயிர் வந்துவிட்டுது. கொபர் "டேய், விசரங்களே!" எண்டு கத்தவேணும். ஸ்டோயிக் மட்டக்களப்புப் பேச்சில் உறுமவேணும். கமிக்காசி என்ற வாயாடிப் பெட்டை மலையகத்துப் பேச்சில் எல்லாரையும் வெட்டிப் பேசவேணும். இதைக் கேட்டால் பிள்ளைகள் சிரிக்கும், அழும், விடிய விடியக் கேட்கும். பண்டிதர்கள் மட்டும் கடிதம் எழுதுவினம்.

ஆகவே 'எங்கட கதையள் எங்கே' என்று கேட்கிறவர்களே, எங்கட கதைகளைத் தடுத்து வைத்திருப்பது டேவிட் டெனன்ட் இல்லை. பேசுகிற மாதிரி எழுதினால் பிழை திருத்துகிற, எழுதினதைச் செய்தி வாசிக்கிற குரலில்தான் வாசிக்கவேணும் என்று அடம்பிடிக்கிற உங்கட சிவப்புப் பேனைதான். கூடவே, வாசிப்பைப் புலமைப்பரிசில் புள்ளியாக மட்டும் பார்த்து, 'வாசி, வாசி' எண்டு பிள்ளைகளின் தலைமேல் நின்று கத்துகிற வழக்கம். பேராசிரியர் யொபிஷின் புத்தகம் எங்கட நாட்டில்தான் பாடநூல். அந்தப் புத்தகத்தை நம்பினவர்களுக்கு என்ன நடந்தது என்று கதையிலேயே இருக்கு.

சரி, என்ன செய்யலாம்? ஒலிப்புத்தகங்கள் டொலரில் விற்கின்றன, கடனட்டை இல்லாத வீட்டுக்கு அவை எட்டாது. இது உண்மை. அதனால்தான் நாங்களே தொடங்கவேண்டும் என்கிறோம். கையில் இருக்கிற தொலைபேசி போதும். நவாலியூர் சோமசுந்தரப் புலவர் 1953 இல் காலமானார். எங்கட நாட்டுச் சட்டப்படி எழுதியவர் இறந்து 70 வருடம் வரைதான் பதிப்புரிமை. கணக்குப் பாருங்கோ: 2024 இல் இருந்து 'கத்தரி வெருளி'யையும் 'தாடி அறுந்த வேட'னையும் யாரும் வாசித்துப் பதியலாம். உயிரோடு இருக்கிற எழுத்தாளர்களிடம் அனுமதி கேட்போம், ஏலுமானதைக் காசாகக் கொடுப்போம். நூலகம் இணையத்தளம் எங்கட புத்தகங்களின் பக்கங்களைப் பல வருடமாகப் படம் பிடித்துக் காப்பாற்றி வைத்திருக்கு. அதுவே பெரிய வேலை. அந்தப் பக்கங்களுக்குக் குரல் கொடுக்கிறது எங்கட பங்கு.

ஒரு நிபந்தனை மட்டும்: வாசிக்கிறவர் தன்ர வாயால் வாசிக்கவேணும். வல்வெட்டித்துறைப் பெடியன் வல்வெட்டித்துறைப் பெடியனாக, காத்தான்குடிப் பிள்ளை காத்தான்குடிப் பிள்ளையாக, ஹட்டன் பிள்ளை ஹட்டன் பிள்ளையாக. கொன்னுகிற பிள்ளை கொன்னிக்கொண்டே வாசிக்கட்டும். டூத்லெஸ்ஸும் அப்படித்தானே பேசினது.

வீட்டில் தம்பி, தங்கச்சி, மருமக்கள் புத்தகத்தைத் தொடுகினம் இல்லை எண்டு குறைப்படுகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. அடுத்த முறை 'போய் வாசி' எண்டு கத்தமுதல், பக்கத்தில் இருந்து ஒரு அத்தியாயத்தை நீங்கள் வாசித்துக் காட்டுங்கோ. சாப்பாட்டு மேசையில் பேசுகிற அதே பேச்சில் வாசியுங்கோ. முடிவில் 'பிறகு என்ன நடந்தது?' எண்டு பிள்ளை கேட்டால், பதில் சொல்லாதையுங்கோ. புத்தகத்தை அங்கேயே வைத்துவிட்டு எழும்பிப் போங்கோ.